ஆனைக்குட்டத்து எழுபத்திரண்டு முளைகள்

மஹ்ரீன் டீச்சர் அந்த முளையை இரண்டே விரலால் பிடுங்கி எடுத்துவிட்டு, பரிசு விழுந்தவர் போலச் சிரித்தார்.

"பாத்தீகளா சண்முகத்தாய் டீச்சர்? வாழைப்பழத்துல குத்துன ஊசி கணக்கா வருது! இருங்க, இன்னொன்னு பிடுங்குறேன், பாருங்க!"

இன்னொன்றும் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. கூடாரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டுவதற்காகத் தரையில் அடிக்கும் இரும்புக் கம்பியைத்தான் முளை என்கிறேன். முக்கால் அடி நீளம், விரல் பருமன். கூடாரம் காற்றில் நிற்பதும் பறப்பதும் அதை நம்பித்தான் இருக்கிறது. இன்னும் பதினெட்டு நாளில் இதே மண்ணில் முப்பத்தாறு பெண்பிள்ளைகளைக் கூடாரம் போட்டுத் தங்கவைக்க வேண்டும். முளையெல்லாம் கையோடு வருகிறது. இந்த அம்மா எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"சிரிக்காம என்ன செய்ய? இன்னைக்கே வந்துருச்சுல்ல! பிள்ளைக உள்ள படுத்திருக்கும்போது வந்திருந்தா?"

இது 2006 டிசம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. இடம் ஆனைக்குட்டம் அணைக்கட்டின் உள்கரை. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏறிய தண்ணீர் இறங்க ஆரம்பித்து, கரையோரம் ஈர வண்டல் பளபளவென்று விரிந்து கிடந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் நின்றோம்.

மஹ்ரீன் சிவகாசியில் எங்கள் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நான் தமிழாசிரியை. அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. வீடு விருதுநகரில்; கணவர் பீர் முகைதீன் அங்கே பஜாரில் சாக்குக் கடை வைத்திருந்தார். காலை ஏழு பத்து பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கு வருவார். அவர் பாடம் நடத்தினால் மூன்று வகுப்பு தள்ளியும் கேட்கும். நீல லிட்மஸ் தாள் சிவப்பாக மாறியதற்கு "ஏய், மாறிருச்சு, மாறிருச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில், பாம்பு வந்துவிட்டது என்று நினைத்து வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தது எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அத்தனை வருடம் பாடம் நடத்தியும், ஒவ்வொரு தடவையும் அந்தத் தாள் மாறுவதை அன்றைக்குத்தான் பார்க்கிறவர் போல இருப்பார்.

பள்ளியில் சாரணியர் குழுவை ஆரம்பித்தவரும் அவர்தான். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவரும் பதிமூன்று வயதில் சாரணியர் முகாமுக்குப் போயிருக்கிறார். போன முதல் மணிநேரத்திலேயே காற்றில் கூடாரமெல்லாம் சாய்ந்து, எல்லோரையும் ஒரு பள்ளிக்கூட அறைக்குள் கொண்டுபோய் அடைத்துவிட்டார்கள். சேதி தெரிந்து மறுநாள் அவருடைய அத்தா வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர்தான், அதற்குப் பிறகு அனுப்பவே இல்லை.

"கூடாரத்துக்குள்ள அரைமணி நேரம்கூட உக்காரல டீச்சர்," என்பார். "உள்ள எப்படி இருக்கும்னே தெரியாது."

முகாமை அணைக்கட்டில்தான் நடத்த வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. வேறு இடமே கிடைக்கவில்லை. முகாம் என்றால் சமையல் உண்டு, சாயங்காலம் தீ மூட்டிப் பாட்டுப் பாடுவது உண்டு. எங்கள் பக்கம் காலி நிலமாகத் தெரிவதெல்லாம் பட்டாசுக் கம்பெனியின் வேலிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மருந்து இருக்கிற இடத்துக்கு அருகே யார் அடுப்பு மூட்ட விடுவார்கள்? தாயில்பட்டிப் பக்கம் பார்த்தோம், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பார்த்தோம். எங்கு போனாலும் ஒரு காவலாளி வந்து, "தீப்பெட்டி வச்சிருக்கீகளாம்மா?" என்று கேட்டார். கடைசியில் கம்பெனி எதுவும் கிட்டத்தில் இல்லாத இடமாக அகப்பட்டது இந்தக் கரைதான். கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த சுந்தரபாண்டி, "பிள்ளைக தானே, தாராளமா வந்து தங்குங்க," என்று சொல்லிவிட்டார்.

தலைமையாசிரியை மட்டும் ஒரே நிபந்தனை போட்டார். "இருபத்தெட்டாந்தேதி சாயங்காலம் பெத்தவங்களோட நானும் வருவேன். ஒரு கூடாரம் சாஞ்சு கிடந்தாலும் அங்கனயே பிள்ளைகளை பஸ்ல ஏத்திருவேன். பொம்பளப் பிள்ளைக விஷயம், மஹ்ரீன்."

அந்த நிபந்தனையோடுதான் கடன் வாங்கிய கூடாரம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க அன்றைக்கு வந்திருந்தோம். அதனோடு வந்த முளைகள்தான் இப்படி ஊசியாக வந்தன.

சுந்தரபாண்டி வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மஹ்ரீன் பிடுங்கிப் போட்ட கம்பியை எடுத்து நுனியைத் துடைத்தார்.

"டீச்சரம்மா, இது வண்டலு. மேல ஒரு முழம் புட்டு மாதிரிதான் இருக்கும். அதுக்குக் கீழதான் களிமண்ணு. உங்க கம்பி களியத் தொடவே இல்லையே."

மஹ்ரீன் அவரை அப்படியே பார்த்தார். பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குச்சியை எடுத்து மண்ணுக்குள் அழுத்தினார். முக்கால் அடி, ஒரு அடி, ஒன்றேகால் அடி வரைக்கும் லேசாக இறங்கியது. பிறகு நின்றது.

"அண்ணாச்சி, நீங்க மாட்ட எதுல கட்டுறீக?"

"கருவேல முளைல. ரெண்டரை அடி. எங்க மயிலக்காளை இழுத்தே அது வரல."

"ரெண்டரை அடி!" மஹ்ரீன் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "டீச்சர், நீளம் வேணும். நாளைக்கே பட்டறைக்குப் போறோம்."

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் துணி ஊறப் போட்டிருக்கிறேன் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை.

ஞாயிறு காலை சிவகாசியில் மணிமுத்துவின் வெல்டிங் பட்டறையில் நின்றோம். மணிமுத்து கேட், கிராதி செய்கிறவர். எங்கள் பள்ளியின் சைக்கிள் கொட்டகை அவர் போட்டதுதான். மஹ்ரீன் தாளில் வரைந்து காட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டடில முளையா? யானையவா டீச்சர் கட்டப் போறீக?"

"காத்தைக் கட்டப் போறோம். உருட்டுக்கம்பில ஒன்னு, பட்டைக்கம்பில ஒன்னு, ஆங்கிள்ல ரெண்டு. நுனிய மட்டும் சாய்வா வெட்டிக் குடுங்க. தலைல கயிறு மாட்ட ஒரு வெட்டு."

ஆங்கிள் என்பது நீளவாக்கில் நடுவே மடித்த இரும்புப் பட்டை. கொட்டகைக்குச் சட்டம் போடுவார்களே, அது. கனமும் குறைவு, வளையவும் வளையாது. மஹ்ரீனுடைய நம்பிக்கையெல்லாம் அதன் மேல்தான் இருந்தது. "அகலம் இருக்கு, பலம் இருக்கு, பிள்ளைக தூக்குற கனம்தான். இதுதான் டீச்சர், எனக்குத் தெரியும், இதுதான்," என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை அரையாண்டுத் தேர்வுக்கு நடுவில் ஒரு விடுமுறை நாள். மஹ்ரீன், கணவருடைய கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் ஸ்பிரிங் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாரணியரில் பெரிய பிள்ளைகள் ஆறு பேரும் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி கற்பகவல்லி, பத்தாம் வகுப்பு. அவள் அம்மா செல்லத்தாய் தாயில்பட்டியில் ஒரு கம்பெனியில் சரவெடி பின்னுகிறவர்.

சோதனை இதுதான்: முளையை அடிக்க வேண்டும். அதன் தலையில் கயிறு, கயிற்றில் தராசு, தராசின் மறுகொக்கியில் இன்னொரு கயிறு. அதைப் பிள்ளைகள் இழுக்க வேண்டும். முளை எத்தனை கிலோவில் கழன்று வருகிறது என்று மஹ்ரீன் தராசைப் பார்த்துக் கத்த, நான் நோட்டில் எழுத வேண்டும்.

பழைய முக்கால் அடிக் கம்பி எட்டுக் கிலோவில் வந்துவிட்டது. இரண்டடி உருட்டுக்கம்பி இருபத்தொன்று. அதையே கூடாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தலை சாய்த்து அடித்தபோது இருபத்தெட்டு. "சாய்ச்சுத்தான் அடிக்கணும், எழுதுங்க டீச்சர், கோடு போட்டு எழுதுங்க!" பட்டைக்கம்பி முப்பத்து மூன்று வரை நின்றது, ஆனால் வளைந்து வில்லாகிவிட்டது. சுந்தரபாண்டியின் கருவேல முளை நாற்பத்தாறு. அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு ஆங்கிள். மஹ்ரீனே அடித்தார், மரக் கொட்டாப்புளியால், ஓங்கி ஓங்கி. பிள்ளைகள் இழுத்தார்கள். முப்பத்தைந்து… முப்பத்தாறு… முப்பத்தேழில் மண்ணை உழுதுகொண்டு வந்துவிட்டது.

அவர் முகம் விழுந்துபோனது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. தராசைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் விழுந்த கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கருவேலமே வெட்டிருவோமா டீச்சர்?" என்றேன்.

"எழுபத்திரண்டு வேணும். அம்புட்டு நேரான கம்புக்கு எங்க போக?"

ஆறு கூடாரம், கூடாரத்துக்குப் பன்னிரண்டு முளை, மொத்தம் எழுபத்திரண்டு. சுந்தரபாண்டியும் இல்லையென்று தலையாட்டினார். அவரிடம் இருந்ததே நாலுதான்.

மிச்சம் இருந்தது இரண்டாவது ஆங்கிள். அதையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று நானே கொட்டாப்புளியை வாங்கி அடித்தேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. உள்ளங்கையெல்லாம் எரிந்தது. முக்கால்வாசி இறங்கியதும் மஹ்ரீன் திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, தப்பா அடிச்சிருக்கீக. மடிப்பு கூடாரத்தப் பாத்து இருக்கணும். நீங்க முதுகத் திருப்பி அடிச்சுட்டீக."

"எப்படி இருந்தா என்ன? என் கை போச்சு. இழுங்கம்மா," என்றேன் பிள்ளைகளிடம்.

இழுத்தார்கள். முப்பது. நாற்பது. நாற்பத்தாறைத் தாண்டியபோது சுந்தரபாண்டி வரப்பிலிருந்து இறங்கி வந்தார். ஐம்பது. ஐம்பத்தைந்து.

"இன்னும் இழுங்க! குதிகால ஊன்றி இழுங்க!" மஹ்ரீன் தராசின் முள்ளுக்குள் மூக்கையே நுழைத்துவிட்டார். "அறுபது! அறுபத்தஞ்சு! கற்பகம், விடாதம்மா! அறுபத்தெட்டு…"

டப்பென்று சத்தம். ஆறு பிள்ளைகளும் மல்லாந்து சேற்றில் விழுந்தார்கள். கயிறு அறுந்துவிட்டது. முளை நட்டபடியே நின்றது.

மஹ்ரீன் குதித்த குதியில் சேறு என் கண்ணாடி வரை தெறித்தது. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "தப்பா அடிச்சீகளே, தப்பா அடிச்சீகளே, மகராசி!" பிறகு மண்டியிட்டு முளையைச் சுற்றி விரலால் தோண்டினார். மடிப்பின் உள்பக்கம் கூடாரத்தைப் பார்த்து வாய் திறந்திருந்தது. அந்த வாய் நிறைய மண் இறுகியிருந்தது. "முதல்ல நான் அடிச்சது கத்தி மாதிரி மண்ணக் கிழிச்சுட்டு வந்துருச்சு. இது மண்ண வாரி அணைச்சுக்கிட்டு நிக்கி. பாருங்களேன் டீச்சர், ஒரே இரும்பு! திருப்பி வச்சா போதும்!"

சுந்தரபாண்டி தன்னுடைய கருவேல முளையைத் தோளில் போட்டுக்கொண்டார். "எங்க காளைக்கும் இதுல ரெண்டு செஞ்சு தாங்க டீச்சரம்மா," என்றார்.

அடுத்த பத்து நாளும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக இல்லை. மணிமுத்து எங்கோ பிரித்துப் போட்ட பழைய கொட்டகையின் ஆங்கிள்களைத் தேடிப்பிடித்து வெட்டிக் கொடுத்தார். துருவைச் சுரண்டியது பிள்ளைகள். தலைப்பக்கம் கூராக இருந்தால் காலைக் கிழிக்கும் என்று ஒவ்வொன்றையும் அரம் போட்டு ராவி, மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அச்சாபீஸில் வேலை பார்க்கும் ஒரு பிள்ளையின் அப்பா, லேபிள் வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தனுப்பினார். யாரும் கால் தடுக்கி விழாமல் இருக்க, ஜிகினா மின்னும் அந்தத் துண்டுகளைக் கயிறுகளில் கட்டுவதற்காக எடுத்துவைத்தோம்.

பீர் முகைதீன் பாய் அதிகம் பேசாத மனிதர். முகாமுக்கு இரண்டு நாள் முன்னால் ஐம்பது சாக்குகளோடு பள்ளி வாசலில் வந்து இறங்கினார். "பிள்ளைக ஈரத்துல படுக்கக் கூடாது. கீழ விரிச்சுக்கோங்க," என்றார். பிறகு மனைவியைப் பார்த்து, "பக்ரீத்துக்கு முந்தின நாளாச்சும் வீட்டுக்கு வந்துருவியா?" என்று கேட்டார். பெருநாள் அந்த வருடம் மாதக் கடைசியில் வந்திருந்தது. மஹ்ரீன் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவர் மனம் முழுக்க அணைக்கட்டில் இருந்தது பாய்க்கும் தெரிந்திருக்கும்.

இருபத்தேழாம் தேதி காலை பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்து ஆனைக்குட்டத்து ஆடுகளெல்லாம் கரை ஏறி ஓடின. முப்பத்தாறு பேர், எழுபத்திரண்டு முளைகள். ஆளுக்கு இரண்டு என்று மஹ்ரீன் பிரித்துக் கொடுத்துவிட்டார். தன் இரண்டு முளையையும் தானே அடிக்க வேண்டும், முகாம் முடியும் வரை அவற்றுக்கு அவளே பொறுப்பு. "வாய் எங்கன பாக்கணும்?" என்று அவர் கத்தினால், "கூடாரத்தப் பாத்து!" என்று முப்பத்தாறு குரல் திருப்பிக் கத்தும். "தலை எங்கன சாயணும்?" "அந்தப் பக்கம்!" பதினொரு மணிக்கு ஆறு கூடாரமும் நின்றன. கயிறு ஒவ்வொன்றும் விரலால் தட்டினால் ஓசை கொடுத்தது. ஜிகினாத் துண்டுகள் வெயிலில் மின்னின.

சமையலுக்கு மட்டும் வாடகைச் சாமியானா. அதைப் போட வந்த பலவேசம் எங்கள் முளைகளைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருசமா பந்தல் போடுறேன். என் கம்பி போதும் டீச்சர்," என்று தன்னுடைய குட்டைக் கம்பிகளைக் காலாலேயே மிதித்து இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் இருபத்தெட்டு. மதியம் மூன்று மணிக்குத் தலைமையாசிரியையும் பெற்றோர்களும் வந்தார்கள். தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகளில் வேலை குறைவாக இருந்ததால் நிறையப் பேர் வந்திருந்தார்கள். தாயில்பட்டியிலிருந்து ஒரு வேன் நிறைய. தலைமையாசிரியை வெள்ளை வாயில் சேலை கட்டிக்கொண்டு ஒவ்வொரு கூடாரமாகச் சுற்றி வந்தார். மூன்றாவது கூடாரத்துக் கம்பத்தைப் பிடித்து அசைத்தும் பார்த்தார்.

மூன்றரைக்கு வடகிழக்கே வானம் மை கொட்டியது போல ஆனது. "மழை வருது" என்று யாரோ சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. தண்ணீர்ப் பரப்பைச் சுருட்டிக்கொண்டு அது வருவதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம்.

முதலில் போனது சாமியானா. ஒரு பக்கக் கம்பிகள் ஒரே நேரத்தில் தெறித்தன. சிவப்பும் நீலமுமாக அந்தத் துணி ஒரு தடவை உப்பியது. பிறகு ரசப் பானையையும் தட்டிவிட்டுக்கொண்டு அணைக்குள் போய் விழுந்தது. அடுப்புப் பக்கம் நின்ற பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். தலைமையாசிரியை எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றபோது, மூன்றாவது கூடாரத்திலிருந்து ஒரு கை நீண்டு அவரை உள்ளே இழுத்துக்கொண்டது.

"எல்லாரும் கூடாரத்துக்குள்ள! கம்பத்தப் பிடிங்க!" மஹ்ரீன் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். முக்காடு பறந்து கழுத்தில் கிடந்தது. மழை ஊசி ஊசியாக இறங்கியது. கூடாரங்கள் ஆறும் வயிறு உள்வாங்கியதும் உப்பியதுமாக மூச்சு விட்டன. கயிறுகள் விம்மின. முளைகள் நின்றன. நான் குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மஞ்சள் தலைகள் வரிசையாக அப்படியே நின்றன.

"நிக்கி டீச்சர்! நிக்கி!" என்று அவரிடம் கத்தினேன். நானும் கத்துகிறவளாகிவிட்டேன்.

அப்போதுதான் முதல் கூடாரத்தின் மூலைக்கயிறு அறுந்தது. முளை அசையவில்லை, முளையின் தலையில் போட்ட வெட்டு கயிற்றை அறுத்துவிட்டது. வெளிப்பக்கமெல்லாம் ராவிய நாங்கள் அந்த வெட்டின் உள்விளிம்பை ராவ மறந்திருந்தோம். கூடாரத்தின் மூலை விர்ரென்று எழும்பி அடித்துக்கொண்டது. மஹ்ரீன் தாவிப் பிடித்தார். துணி அவரையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது.

செல்லத்தாய் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கற்பகவல்லியின் அம்மா. மஹ்ரீனின் கையிலிருந்த கயிற்று முனையை வாங்கினார், அறுந்த மறுமுனையோடு சேர்த்தார். விரல் போன வேகம் கண்ணில் படவில்லை, முடிச்சு விழுந்துவிட்டது. தலையிலிருந்த துண்டைக் கிழித்து முளையின் வெட்டில் சுற்றி, அதன் மேல் கயிற்றைப் போட்டு இறுக்கினார்.

"ஒரு நாளைக்கு ஆயிரம் கட்டு பின்னுற கை டீச்சர் இது," என்றார் மழைக்குள்ளேயே. "மிச்சத்துக்கும் துணி குடுங்க."

அவர் கூடாரம் கூடாரமாகப் போய் வெட்டுகளில் துணி சுற்ற, பிள்ளைகள் அவர் பின்னாலேயே துணி கிழித்துக் கொடுத்தார்கள். இதற்கிடையில் காற்று நேராக மோதும் பக்கத்தில் ஒரு முளை இரண்டு விரல் அளவு மேலே வந்திருப்பதைக் கற்பகவல்லி பார்த்துவிட்டாள். மஹ்ரீன் ஒரு நொடிதான் யோசித்தார்.

"சாக்க எடுங்க! சேத்த அள்ளிப் போடுங்க!"

படுக்க விரித்திருந்த சாக்குகள் வெளியே வந்தன. ஆள் ஆளுக்குக் கையாலேயே சேற்றை அள்ளிப் போட்டார்கள், பெற்றோர்களும் அள்ளினார்கள். நிரம்பிய சாக்குகளை முளைத் தலைகளின் மேல் சாய்த்துப் போட்டோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கியவர்களில் ஒருவரைத் திரும்பிப் பார்த்தேன். பீர் முகைதீன் பாய். பார்வையாளர் நாள் என்று அவரும் வந்திருக்கிறார், மனைவியிடம்கூடச் சொல்லாமல்.

இருபது நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. மேற்கே மஞ்சள் வெயில்கூட எட்டிப் பார்த்தது. ஆறு கூடாரமும் நின்றன. நனைந்து, கனத்து, சேறு பூசி, ஆனால் நேராக நின்றன. மஹ்ரீன் நடுவில் நின்று ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி எண்ணினார். ஆறு என்று கத்தினார். பிறகு சிரித்தார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

மூன்றாவது கூடாரத்திலிருந்து தலைமையாசிரியை வெளியே வந்தார். வெள்ளைச் சேலை முழங்கால் வரை செம்பழுப்பாக இருந்தது. பஸ்ஸில் ஏறச் சொல்வாரோ என்று பிள்ளைகள் அவர் வாயையே பார்த்தார்கள்.

"மஹ்ரீன்," என்றார். "நான் கம்பத்தப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன். அது அசையவே இல்ல."

"அசையாது டீச்சர். கீழ களி வரைக்கும் போயிருக்கு."

"இங்கன இன்னொரு ஆள் படுக்க இடம் இருக்கா? நானும் இருந்துட்டுப் போறேன்."

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மரத்துக் கொக்குகள் பறந்தன. ரசம் போய்விட்டது, அடுப்பு நனைந்துவிட்டது. சுந்தரபாண்டி தன் மோட்டார் ரூமைத் திறந்துவிட, அங்கே சோறு வடித்தோம். தாயில்பட்டி வேன்காரர்களும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். பலவேசம் வந்து தன் சாமியானாவைத் தண்ணீரிலிருந்து இழுத்தார். எங்கள் முளை ஒன்றின் தலையைக் காலால் தட்டிப் பார்த்தார். "இத யாரு வெட்டிக் குடுத்தது?" என்று மெதுவாக என்னிடம் கேட்டார். மணிமுத்துவின் பட்டறைக்கு வழி சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில்தான் நாங்கள் யாருமே யோசிக்காத சிக்கல் வந்தது. முளைகள் வரவில்லை.

பத்தரைக்கு பஸ் வந்து நின்றுவிட்டது. கூடாரங்களை மடித்துக் கட்டியாகிவிட்டது. எழுபத்திரண்டு மஞ்சள் தலைகள் மட்டும் தரையில் நிற்கின்றன. தன் இரண்டு முளையையும் தானே எடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் கட்டிப்பிடித்து இழுக்கிறார்கள். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மஹ்ரீன் பஸ்ஸுக்கும் கரைக்குமாக ஓடுகிறார். "நேரா இழுக்காதீக! சாஞ்ச திசையிலயே இழுங்க! திருகித் திருகி இழுங்க!" சுந்தரபாண்டி கடப்பாரையோடு வந்தார். கடைசியில் டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸை விட்டு இறங்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஒவ்வொன்று வரும்போதும் ஒரு கைதட்டல். தலைமையாசிரியை சேற்றில் உட்கார்ந்து எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று எண்ணி முடித்தபோது மணி பன்னிரண்டரை.

"இம்புட்டு வம்பா டீச்சர், ஒரு கம்பியப் பிடுங்க?" என்று கேட்டார் டிரைவர், கையைத் துடைத்துக்கொண்டே.

மஹ்ரீன் பெருநாளுக்கு முந்தின நாள் அல்ல, இரண்டு நாள் முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். பாய் அதற்கு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஜனவரியில் பள்ளி திறந்த அன்று நடந்தது. சாரணியர் குழுவில் சேர விரும்புகிறவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியையே அறிவித்தார். மதிய இடைவேளைக்குள் அறிவியல் அறை வாசலில் வரிசை மாடிப்படி வரைக்கும் போய்விட்டது. நூற்றுப் பதினெட்டுப் பெயர். கூடவே இரண்டு அம்மாக்கள், பெரியவர்களும் சேரலாமா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதில் ஒருவர் செல்லத்தாய்.

மஹ்ரீன் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குள் ஓடிவந்தார். நான் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.

"டீச்சர், சாப்பாட்ட மூடுங்க! இருபது கூடாரம் வேணும். இருநூத்து நாப்பது முளை! மணிமுத்து கடை சாத்துறதுக்குள்ள போயிருவோம், வாங்க வாங்க!"

டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தேன். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டிருந்தார்.